மைதானத்துக்கு முதுகு காட்டிய நோயல்

பனைமரத்தொட்டி பிரதர்ஸ் கால்பந்துக் குழு கடைசியாகக் கோப்பை வாங்கிய வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முன்னந்தலையில் வழுக்கை விழுந்துவிட்டது. அந்தக் கோப்பையில் பாயசம் ஊற்றிக் குடித்தவர்களில் பாதிப் பேர் காசிமேட்டுக் கல்லறையில் இருக்கிறார்கள். மீதிப் பேர் தினமும் சாயங்காலம் ராயபுரத்தில் அமீர் பாயின் டீக்கடை முன்னால் கூடி, இன்னொரு கோப்பை ஏன் வரவில்லை என்று ஆராய்கிறார்கள்.

லேசுப்பட்ட ஆராய்ச்சியா அது! ஒரு வருஷம் மைதானத்தின் வடக்குக் கோல்கம்பம் ஒரு விரற்கடை குட்டை என்று முடிவாயிற்று. இன்னொரு வருஷம் பனியனின் நீல நிறத்தின் மேல் பழி விழுந்தது. மஞ்சளாக்கினார்கள். மஞ்சளிலும் தோற்றார்கள். காரணமெல்லாம் தீர்ந்துபோன பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்தக் காரணத்துக்கு மூக்குக்கண்ணாடி உண்டு, ஜானட் என்ற பெயரில் மனைவி உண்டு, ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒண்டுக் குடித்தனமும் உண்டு. நோயல் என்று பெயர்.

நோயலுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்பது மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. விளிம்பில் நின்று குனிந்து பார்த்து, கையை அசைத்து, இறக்கு, நிறுத்து, தூக்கு என்று சாடை காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் நோயல். அவர் விரலை மடக்கினால் யானைக் கனமுள்ள இரும்புச் சுருள் அந்தரத்தில் நிற்கும். ஒருமுறை மூக்கில் ஈ உட்கார்ந்ததென்று கையை ஆட்டிவிட்டார், ஒரு கப்பல் சரக்கு முழுவதும் தவறுதலாக மறுபடி ஏறி கொழும்புக்கே போய்விட்டது என்பார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இப்படித் துறைமுகமே நம்பிய கண்களைத்தான் டீக்கடைக்காரர்கள் நம்பவில்லை. கோப்பை வாங்கிய அந்த வருஷம் நோயல் மஞ்சள் காமாலையில் வீட்டில் படுத்திருந்தார். அதற்கடுத்து வந்த இறுதி ஆட்டத்துக்கு உடம்பு தேறி வந்து கோலுக்குப் பின்னால் நின்றார். கடைசி நிமிஷத்தில் நம் ஆள் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, சாலையில் போய்க்கொண்டிருந்த கன்டெய்னர் லாரியில் விழுந்து, அப்படியே கப்பலேறிப் போனது. இப்போது அது சிங்கப்பூரில் இருக்கலாம். அதற்கடுத்த இறுதி ஆட்டத்திலும் நோயல் வந்தார், தோற்றார்கள். அவ்வளவுதான், முத்திரை குத்திவிட்டார்கள்.

குழுவின் செயலாளர் டெரிக், நோயலோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவர்தான் பரிகாரம் கண்டுபிடித்தார். இறுதி ஆட்டத்தன்று நோயல் கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்க வேண்டும். ஆற்றைத் தாண்டி வந்து தோஷம் ஒட்டாது என்பது கணக்கு. நோயலின் அக்கா சிலுவையம்மாள் வாழ்க்கைப்பட்டது மீஞ்சூரில், வசதியாகப் போயிற்று. அன்று முதல், குழு இறுதி ஆட்டத்துக்கு வந்த போதெல்லாம், நாலு பேர் ஊர்வலமாக வந்து நோயலைக் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏற்றி, கையில் ஒரு மீன் பொட்டலமும் கொடுத்து, வண்டி நகரும்வரை நின்று கையாட்டிவிட்டுப் போவார்கள். காசிக்குப் போகிறவரைக்கூட அவ்வளவு பக்தியோடு யாரும் வழியனுப்பியதில்லை.

அப்படியும் கோப்பை வரவில்லை. ஒரு தடவை, பாதி ஆட்டத்தில் அவர் போன் செய்து ஸ்கோர் கேட்டதுதான் குற்றம். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். அடுத்த தடவை, வண்டி தாமதமாகி, ஆட்டம் தொடங்கியபோது அவர் ஆற்றுப் பாலத்தின் நடுவில் இருந்தது குற்றம். அதற்கும் அடுத்த தடவை எந்தக் குற்றமும் கிடைக்கவில்லை. டெரிக் நன்றாக யோசித்துவிட்டு, "நெனச்சிட்டான் மாமு. அங்க குந்திகினு மேட்ச்ச நெனச்சிட்டான்," என்றார். பாவம் சிலுவையம்மாள். தம்பி எதையும் நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு முறம் இறாலைக் கொடுத்து உரிக்கச் சொல்லி, டிவி சத்தத்தையும் கூட்டி வைத்தாள்.

இந்த வருஷம் குழு மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி விம்கோ நகர் லெவன். டீக்கடையில் யார் யார் நோயலோடு ஸ்டேஷனுக்குப் போவது என்று பேச்சு ஓடியது. அப்போதுதான் நோயல் வாயைத் திறந்தார்.

"இந்த வாட்டி நான் மீஞ்சூர் போவல."

வாய்க்குப் போன டீ கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன.

"இன்னாடா சொல்ற?" என்றார் டெரிக்.

"போவலன்றேன். அடுத்த வருசம் எனக்கு ரிட்டயர்மென்ட்டு. பைனலு எப்டி இருக்கும்னே மறந்துபோச்சுடா. ஒரு வாட்டி கண்ணால பாக்கணும்."

"எப்டி இருக்கும்? நாம தோப்போம். அத நான் வந்து சொல்லல?"

"தோக்கறதயாவது பாக்கறேனே!"

அமீர் பாய் பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "மாமு, பேஜார் பண்ணாத. சிலுவக்கா கையால எறா தொக்கு. இங்க இன்னா கீது? மண்ணும் வெயிலும்."

"நீ போயி துன்னு பாய், அந்தத் தொக்க. ஏழு பைனலா துன்னுகினு கீறேன்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள் ராமசெல்வி. காசிமேட்டில் மீன் விற்பவள். அவள் விலை சொன்னால் மீனே வாயை மூடிக்கொள்ளும். பனைமரத்தொட்டி பிரதர்ஸ் ஆடும் ஆட்டங்களில் நடுவருக்கு அவள் வைத்த பெயர்களைத் தொகுத்தால் ஒரு அகராதி தேறும்.

"யோவ் செகரட்டரி," என்றாள். "ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அண்ணாத்தய ரயிலேத்தி உட்டு எத்தினி பைனலு ஆடினீங்க?"

"அவன்தான் சொன்னானே. ஏழு."

"அதுல எத்தினி ஜெயிச்சீங்க?"

டெரிக் டீயை ஊதினார். டீ ஆறி வெகுநேரமாகியிருந்தது.

"அப்போ ராசி கெட்டது அண்ணாத்த வர்றதா, வராததா?"

கடை முன்னால் ஒரு சலசலப்பு. இந்தக் கோணத்தில் யாரும் யோசித்ததில்லை. டெரிக் விடுவாரா? "ஆத்தத் தாண்டியும் நெனச்சுகினே கீறான்மா. நெனப்புக்கு ஏது ஆறு?"

"அந்த நெனப்பு மீஞ்சூர்லேர்ந்து வந்தா இன்னா, மைதானத்துலேர்ந்து வந்தா இன்னா? ரயில் சார்ஜாவது மிச்சம்!"

பாதிப் பேர் ராமசெல்வி பக்கம் சாய்ந்தார்கள். மீதிப் பேர், இத்தனை வருஷத்துப் பரிகாரத்தைக் கைவிட்டால் தெய்வக் குத்தம் என்றார்கள். அமீர் பாயின் பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நோயல் மைதானத்துக்கு வரட்டும். ஆனால் பார்க்கக் கூடாது. ஆட்டம் முடியும்வரை மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

"காதால கேக்கலாமா?" என்றார் நோயல்.

இதற்கு ஒரு தனி விவாதம் நடந்து, கேட்கலாம் என்று தீர்ப்பாயிற்று. பக்கத்தில் நின்று ராமசெல்வி சொல்வாள்.

வீட்டில் ஜானட் இதைக் கேட்டுவிட்டுச் சட்னியைத் தாளித்தாள். தாளித்து முடித்தபிறகுதான் பேசினாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீ செவுத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்துகினே குந்தியிருந்த. இப்போ பைனலு பாக்கப் போயி கடல பாக்கப் போறியா?"

"அன்னிக்கும் அப்பால திரும்பிப் பாத்தேன்ல?"

"பாத்த. காபி ஆறினப்புறம்."

நோயல் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவருக்குப் பயம் வேறு. முதுகைக் காட்டியும் தோற்றால், அடுத்த தடவை மீஞ்சூர் போதாது, நெல்லூருக்கு அனுப்புவார்கள்.

திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையை ஒட்டிய மண் மைதானத்தில் ஆட்டம். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், மறுபக்கம் கருங்கல் கொட்டிய கரையும் கடலும். பனைமரத்தொட்டிக்காரர்கள் கடல் பக்கம் திரண்டிருந்தார்கள். நோயலை அவர்கள் நடுவில், கடலைப் பார்க்க நிறுத்தினார்கள். தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழைய இடம் கிடைக்காத கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றிருந்தன. விசில் ஊதியது.

"நம்ம செங்குட்டுவன் பந்த எடுத்துட்டான் அண்ணாத்தே," என்று தொடங்கினாள் ராமசெல்வி. "ஒருத்தன தாண்டினான். ரெண்டு பேர தாண்டினான். அய்யோ, நாலு, அஞ்சு..."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு ஆறு பேரு..."

"அவங்க மொத்தமே பதினோரு பேருதானேம்மா. கோல்கீப்பரையும் தாண்டிட்டானா?"

"தாண்டிட்டான். பந்ததான் வுட்டுட்டுப் போய்ட்டான்."

பாதி ஆட்டத்துக்கு முன்பே விம்கோ நகர் ஒரு கோல் போட்டது. டெரிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். "திரும்பினியாடா?"

"இல்லடா, மாதா சத்தியமா."

"கண்ணாடில பாத்தியா?" நோயலின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதில் மைதானம் தெரிகிறதா என்று மேலும் கீழும் திருப்பிச் சோதித்தார். தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை மடித்து நோயலின் சட்டைப் பையில் செருகினார். அந்த நேரம் பார்த்து மைதானம் அலறியது. செங்குட்டுவன் கோல் போட்டுவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. டெரிக் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் விம்கோ நகர் ஆள் ஒருவன் கோலுக்கு நேரே தனியாக வந்தபோது, அமீர் பாய் தாங்க முடியாமல் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பந்து கம்பத்தில் இடித்துத் திரும்பியது. அந்தச் சத்தத்துக்குக் கடலில் ஒரு கப்பல் பதில் சங்கு ஊதியது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

டெரிக்கின் மூளையில் இரண்டும் ஒன்றுசேர்ந்தன.

ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. ஆளுக்கு ஐந்து உதை. நம் ஆட்கள் ஐந்தையும் போட்டுவிட்டார்கள். விம்கோ நகர் நாலு போட்டிருந்தது, ஒரு உதை பாக்கி. அதை நம் கோல்கீப்பர் வல்லரசு தடுத்துவிட்டால் கோப்பை பனைமரத்தொட்டிக்கு. விட்டுவிட்டால் மறுபடி ஆளுக்கொரு உதை, அதில் நம் வரலாறு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்.

டெரிக் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். "எல்லாம் கேளுங்க! நான் பாக்காதப்போ கோலு வுழுந்துச்சு. பாய் பாக்காதப்போ கம்பத்துல இடிச்சுது. நோயலு ராசி கெட்டவன் இல்ல. நாம எல்லாருமே ராசி கெட்டவனுங்க! யாரும் பாக்காதீங்க! திரும்புங்க, அல்லாரும் திரும்புங்க!"

வேறு ஊராக இருந்தால் அவரைக் கல்லிலிருந்து இறக்கித் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பனைமரத்தொட்டிக்காரர்கள் திரும்பினார்கள். பொடிசுகள், கிழங்கள், சர்ச் கொயரில் பாடும் பெண்கள், மேளக்காரர்கள், மொத்தக் கூட்டமும் கடலைப் பார்த்து நின்றது. நடுக்கோட்டில் நின்ற நம் ஆட்டக்காரர்களும் அந்தக் கூச்சலைக் கேட்டுவிட்டு முகத்தைப் பனியனுக்குள் புதைத்துக்கொண்டார்கள். கரையில் அலை அடிப்பது கேட்டது.

நோயல் காத்திருந்தார். பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை.

"ராமசெல்வி, ஆள் பந்துகிட்ட வந்துட்டானா?"

"எனக்கு எப்டி தெரியும் அண்ணாத்தே? நானுந்தான் திரும்பிக்கினேன்."

நோயல் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எல்லா முகமும் அவரைப் போலவே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் எல்லோரும் காத்திருந்த ஒரு உதை முதுகுக்குப் பின்னால் நடக்கப் போகிறது, அதைப் பார்க்க நம்மவரில் ஒரு ஆள் இல்லை. இது என்ன நியாயம்? ஒருத்தராவது பார்க்க வேண்டாமா?

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, மாட்டிக்கொண்டு, நோயல் திரும்பினார்.

விம்கோ நகர்க்காரன் ஓடி வந்தான். வல்லரசு வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கம் வந்தது. பாய்ந்தவனின் கால் மட்டும் பாயாமல் பின்தங்கியிருந்தது. அந்தக் குதிகாலில் பந்து பட்டு, துள்ளி, கோட்டுக்கு வெளியே மண்ணில் உருண்டு போய் நின்றது. நடுவர் விசில் ஊதினார். எதிர்ப்பக்கத்துக் கூட்டம் வாயைப் பிளந்தபடி நின்றது. வல்லரசு முகம் மண்ணில் புதையக் கிடந்தான். என்ன நடந்ததென்று அவனுக்கே தெரியாது.

"விசில் கேட்டுச்சே, இன்னா ஆச்சு?" என்றார் டெரிக், கடலைப் பார்த்தபடியே. "யாராவது சொல்லுங்கய்யா!"

"டெரிக்கு, நான் பாத்துட்டேன்டா," என்றார் நோயல்.

டெரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திரும்பத் துணியவில்லை. "பாத்துட்டியா? பாவி! சரி சொல்லு, இன்னா ஆச்சு?"

நோயல் கோலைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே கிடந்த பந்தை இன்னும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"டேய் நோயலு! சொல்லித் தொலடா!"

"இன்னாடா அவசரம்? கொஞ்ச நேரம் கடல பாரு," என்றார் நோயல். "சோக்காத்தான் கீது."