அறிவித்தல் இருக்கு, விவாகம் இல்லை

விவாகரத்துக்கு முதலில் தேவைப்படுவது விவாகப் பதிவுப் பத்திரம் என்று சட்டத்தரணி சொன்னபோது நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். படிவம், பத்திரம், பிரதி என்று என்னை யார் வெருட்ட முடியும்? வட்டக்கச்சியில் உப தபால் நிலையத்தில் இருப்பவள் நான். ஊரில் பாதிப்பேருடைய விண்ணப்பங்களை நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பெயரை எங்கே எழுதுவது, கையெழுத்தை எங்கே வைப்பது என்று மூன்றாம் தரமும் கேட்கிறவர்கள் மேல் எரிந்து விழுந்தும் இருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குத் தன்னுடைய கலியாணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை.

என் கணவர் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவர். நான்கு வருடங்களுக்கு முன் நெடுங்கேணிப் பக்கம் வெட்டுக்குப் போனார். அறுவடை முடிந்தது, மற்ற மெசின்கள் எல்லாம் ஊர் திரும்பின, அவர் வரவில்லை. முதலில் மெசின் பழுது என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாக எனக்குத் தெரிந்தது. எங்களூரில் இப்படியான சேதி சம்பந்தப்பட்டவளுக்குத்தான் கடைசியாக வந்து சேரும்.

மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு நாள் மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். தகப்பன் பெயர் எழுதினாள், தொழில் எழுதினாள், பிறகு பேனையை மேசையில் வைத்தாள்.

"அம்மா, அப்பான்ர விலாசம் எது?"

எங்கள் விலாசத்தை எழுதச் சொன்னேன். அந்தப் பொய்யை என் வாயால் சொல்லிப் பிள்ளையின் கையால் எழுத வைத்தது இரண்டு நாளாக நெஞ்சை அரித்தது. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுச் சட்டத்தரணியிடம் போனேன்.

நான் பிறந்தது உடையார்கட்டு. கலியாணமும் அங்கேதான். அதனால் பதிவும் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில்தான் இருக்க வேண்டும். பரந்தனில் பஸ் மாறிப் போய், தேடுதலுக்கான விண்ணப்பத்தை எழுத்துப்பிழை இல்லாமல் நிரப்பிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண்பிள்ளைக்கு என் மகளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். நல்ல பொறுமைசாலி. நான் சொன்ன வருடத்தைப் பார்த்தாள், அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், இடப்பெயர்வில் தப்பி வந்த பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெளியே வரும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிடைத்துவிட்டது என்று எழும்பினேன்.

"அக்கா, அறிவித்தல் இருக்கு. விவாகம் இல்லை."

எனக்கு விளங்கவில்லை. கதிரையில் இருத்தி அவளே விளக்கினாள். கலியாணம் எழுதுவதென்றால் இரண்டு வேலை. முதலில், நாங்கள் கலியாணம் செய்யப் போகிறோம் என்று பதிவாளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். சில நாள் கழித்துத் திரும்பப் போய், சாட்சிகளோடு விவாகத்தைப் பதிய வேண்டும். நாங்கள் முதலாவதைச் செய்திருக்கிறோம். இரண்டாவதற்குப் போகவே இல்லை.

"நீங்கள் கலியாணம் கட்டப் போறம் எண்டு சொல்லியிருக்கிறியள் அக்கா. கட்டேல்லை," என்றாள். பாவம், பகிடியாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. பதிவாளர் வீட்டு விறாந்தையில் பெரிய புத்தகம். எங்கள் பெயர், வயது, தொழில் எல்லாம் பதிவாளர் கேட்டு எழுதினார். இருவரும் கையெழுத்து வைத்தோம். மாமியார் கற்கண்டுத் தட்டத்தைச் சுற்றிக் கொடுத்து, "எழுத்து முடிஞ்சுது" என்றார். எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவுக்குப் பெயரே எழுத்துத்தானே. எழுதினோம், கையெழுத்தும் வைத்தோம், வேறு என்ன மிச்சம்? திரும்பப் போக வேண்டிய நாள் விதைப்புக் காலத்தில் வந்தது. "ஒருக்கா வைச்ச கையெழுத்துக் காணும்" என்று மாமியார் சொன்னார். நானும் தலையாட்டினேன். அடுத்த கிழமை கோயிலில் அவர் எனக்குத் தாலி கட்டினார். அதோடு நாங்கள் புருஷன் பெண்சாதி என்று ஊரும் நம்பியது, நாங்களும் நம்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு மடைத்தனம் செய்தேன். கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. மாமியாருக்குப் போன் எடுத்து, "எழுத்து முடிஞ்சுது எண்டு ஊருக்கெல்லாம் கற்கண்டு குடுத்தியளே மாமி, ஒண்டும் முடியேல்லையாம்!" என்று கத்தித் தீர்த்தேன். கத்தி முடித்து மூச்சு வாங்கும்போதுதான், எதைப் போய் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. சேதி அன்றைக்கே நெடுங்கேணிக்குப் போயிருக்கும்.

அதே கிழமை அவருடைய தமையன் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தம்பிக்காகத் தூது வந்தவர். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு கதையைத் தொடங்கினார்.

"பிள்ளை, இனி ஏன் வழக்கு வம்பெண்டு? எழுத்தே இல்லையாமே. அப்ப நீயும் உன்ர பாடு, அவனும் தன்ர பாடு. அங்கை அவளுக்கு வயித்திலை பிள்ளை. அவன் அங்கை எழுதப்போறான்."

"என்னெண்டு எழுதப்போறார் அத்தான்? விவாகமாகாதவர் எண்டோ?"

"அப்பிடித்தானே எழுதவேணும். வழக்குக்குக் கூப்பிட்டாலும் கட்டேல்லை எண்டுதான் சொல்லுவனெண்டு நிக்கிறான்."

பதினாறு வருடம் என் கையால் புட்டும் சம்பலும் சாப்பிட்ட மனிதர், என் அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்த மனிதர், விவாகமாகாதவராம். பிரமச்சாரியாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்புங்கோ அத்தான்" என்றேன். அவர் குடிக்காமலே எழும்பிப் போனார்.

இதையெல்லாம் மகள் குசினிக்குள் நின்று கேட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அலுமாரியைத் திறந்து தன் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் என்று எழுதி, தேதியும் இடமும் போட்டிருந்தது. தேதி, நாங்கள் அறிவித்தல் கொடுத்த நாள். அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் அவர்தான் போய் விபரம் கொடுத்தார். அந்த நாட்களில் சொன்னதை எழுதினார்கள்.

"அம்மா, இது பொய்யோ?"

"இல்லை."

"அப்ப பொய்யில்லையெண்டு ஆர் வந்து சொல்லுவினம்?"

அதுவரைக்கும் அந்த மனிதரைத் தலைமுழுகினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். பேசாமல் இருந்தால் அதுவும் தானாகவே நடந்துவிடும். ஆனால் அப்படி நடந்தால் என் பிள்ளை, கலியாணம் கட்டாதவர்களுக்குப் பிறந்தவள். அவளுடைய பத்திரத்தில் இருப்பது பொய். நான் உயிரோடிருக்கும் வரைக்கும் அதற்கு விடமாட்டேன் என்று தீர்மானித்தேன்.

சட்டத்தரணி ஒரு இளம் பெண். அவளும் முதலில், "அக்கா, உங்களுக்கு வேலை லேசு, ரத்துச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை" என்றாள். நான் பார்த்த பார்வையில் கோப்பைத் திரும்பத் திறந்தாள். பதியாவிட்டாலும் வழக்கப்படி தாலி கட்டிய கலியாணத்தை நீதிமன்றம் ஏற்குமாம். அது நடந்தது என்று முதலில் காட்ட வேண்டும், பிறகுதான் பிரிவு கேட்கலாம். அதாவது, கலியாணத்தை முடித்துவிட வேண்டுமென்றால் அதை உயிரோடு கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்.

"கலியாணப் படம் இருக்கோ?"

இருந்தது. அல்பத்தோடு முள்ளிவாய்க்காலில் மண்ணுக்குள் போய்விட்டது. தாலியெடுத்துக் கொடுத்த ஐயர் வெளிநாட்டில், எங்கேயென்று தெரியாது. அம்மாவும் அப்பாவும் இல்லை. மாமியார் எனக்காகச் சாட்சிக்கூட்டில் ஏறப்போவதில்லை.

"அப்ப அவர்தான் ஒத்துக்கொள்ளவேணும்," என்றாள் சட்டத்தரணி. "மறுத்தாரெண்டால் வருசக்கணக்கா இழுக்கும் அக்கா. கடைசியிலை என்ன ஆகுமெண்டும் சொல்லேலாது."

வழக்குப் போட்டோம். நான் வழக்காளி, அவர் எதிராளி. வேண்டுமென்று கைவிட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. அழைப்பாணை போய்ச் சேர்ந்தது. வழக்கு நாளன்று மகள் என்னிடம் கேட்காமலே வெளிக்கிட்டு வாசலில் நின்றாள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நீதிமன்றத்தில் அவரை நாலு வருடத்துக்குப் பிறகு கண்டேன். மெலிந்திருந்தார், தலைக்கு மை அடித்திருந்தார். அடிக்கட்டும், பிரமச்சாரிதானே என்று நினைத்தேன். ஆனால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் சட்டத்தரணி யாரையும் பிடித்திருக்கவில்லை. தனியாக, சுவரோரமாக நின்றார். எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்து உரத்துக் கூப்பிட்டார்கள். நான் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாகப் போய் நின்றோம்.

நீதிபதி கோப்பைப் பார்த்தார். பதிவுப் பத்திரம் ஏன் இல்லை என்று கேட்டார். என் சட்டத்தரணி அறிவித்தல் கதையைச் சொன்னாள், மகளின் பிறப்புப் பத்திரத்தை நீட்டினாள். நீதிபதி அதை வாசித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எதிராளி, இந்தப் பெண்ணை நீங்கள் விவாகம் செய்தீர்களா?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த மகளின் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் அவருடைய பிரச்சினை எல்லாம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

"ஓம்," என்றார்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். விளங்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

"ஓம் ஐயா. கட்டினனான். உடையார்கட்டிலை, கோயிலிலை. அண்டைக்குச் சரியான மழை. இவாவுக்கு நான்தான் குடை பிடிச்சனான்."

"மழை வேண்டாம். கட்டினது மட்டும் போதும்," என்றார் நீதிபதி. யாரோ சிரித்தார்கள்.

அதன்பிறகு வழக்கு இழுபடவில்லை. தீர்ப்பு வந்தது. மூன்று மாதம் பொறுத்திருந்து, முடிவான கட்டளையையும் கேட்டு எடுத்தேன். இப்போது அவர் எங்கே போய் எழுதினாலும் விவாகரத்துப் பெற்றவர் என்றுதான் எழுத வேண்டும். நான் கேட்டது எல்லாம் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகள் பார்க்கத்தக்கதாக அழுதேன்.

எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையை எவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. ஐயர் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டியதுதான். கட்டு என்றால் கட்டுவது, சுற்றிவா என்றால் சுற்றிவருவது. இவளைக் கட்டச் சம்மதமா என்று அவரை அன்றைக்கும் ஒருவர் கேட்கவில்லை, பிறகு பதினாறு வருடத்தில் நானும் கேட்கவில்லை. முதன்முதலாகக் கேட்டது ஒரு நீதிபதி, அதுவும் அவரை நான் விட்டுத் தொலைப்பதற்காக. தட்டச்சு செய்கிற பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றுதான் அவரை இரண்டாம் தரமும் சொல்ல வைத்தார்கள். எனக்கு முதல் தரமே கேட்டது.