ஒப்புதல் பெற்ற 187 குறிப்புகள்

அந்த மென்பொருள் நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறடிக்கு நாலடிப் படம். கீழே, ‘இங்கே எல்லாக் குரலுக்கும் இடம் உண்டு’ என்ற வாசகம். படத்தைத் தாண்டி உள்ளே போனால் பன்னிரண்டு நாற்காலி போட்ட கூட்ட அறை. அங்கே அவள் குரலுக்கு மட்டும் இடம் போதவில்லை.

ஒன்பது வருடமாக அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. மென்பொருள் வெளியே போகுமுன் பிழை கண்டுபிடிக்க வேண்டும். கூட்டத்தில் அவள் ஒரு யோசனை சொன்னால் ஏசியின் இரைச்சல்தான் பதில். நாலு நிமிடம் கழித்து மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சொல்வார். “பிரமாதம் சார்!” என்று ஒன்பது தலைகள் ஆடும். பூம்பூம் மாடுகூடக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்டும்.

“மினிட்ஸ் யாரு எழுதறது?”

“அக்காதான் சார். அவங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி.”

அந்த அறையில் வேறு பெண் கிடையாது. பொறுமையும் வேறு யாருக்கும் கிடையாது போலும். கூட்டக் குறிப்பை அவள் எழுதினாள், பிழை பிடிக்கிறவள் எழுதுகிற மாதிரி. 11.06: நான் சொன்னது. 11.10: மேனேஜர் அதையே சொன்னது. பாராட்டியவர்கள் ஒன்பது பேர். மேனேஜர் படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்துவார். இப்படி நூற்று எண்பத்தேழு கூட்டங்கள்.

டீம் லீடர் பதவி காலியானது. அவள் விண்ணப்பித்தாள். ‘கூட்டங்களில் வாய் திறப்பதில்லை, தலைமைக்குத் தகுதி போதாது’ என்று மேனேஜர் எழுதினார். வந்து இரண்டே வருடமான ஒரு தலையாட்டியைப் பரிந்துரைத்தார்.

வீட்டில் தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சுவத்துல அவ்வளவு பெருசா சிரிக்கிறியேக்கா, அதுக்குத் தனி சம்பளமா?”

“வாய மூடுடி.”

“நான் மூடிக்கிறேன். நீதான் தொறக்கிறதே இல்லையாமே!”

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை நூற்று எண்பத்தேழு குறிப்புகளும் மனிதவள அதிகாரிக்குப் போயின. கூடவே ஒரு வரி: ‘அனைத்தும் மேனேஜர் ஒப்புதல் பெற்றவை.’

அதிகாரி மேனேஜரைக் கூப்பிட்டார். “என்ன சார், எல்லாத்துலயும் உங்க ஒப்புதல் இருக்கே?”

“நான் படிக்கலைங்க.”

“ஒண்ணுகூடவா?”

படித்தேன் என்றால் திருட்டு. படிக்கவில்லை என்றால் நூற்று எண்பத்தேழு பொய். மனிதர் விழித்த விழியைப் பார்க்க வேண்டுமே!

பதவி அவளுக்கு வந்தது. மேனேஜருக்குத் தண்டனை? ‘பிறர் குரலை மதிப்போம்’ என்ற பயிற்சி வகுப்புக்கு அவரையே பொறுப்பாளர் ஆக்கினார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதில் பெரிய நிறுவனங்களை மிஞ்ச ஆள் இல்லை.

புதிய டீம் லீடரின் முதல் கூட்டம். மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். மினிட்ஸ் என்றதும் பழக்க தோஷத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

“இன்னைக்கு சார் எழுதட்டும். எழுத எழுதப் பொறுமை தானா வரும்.”

எழுதினார். மாலையில் திறந்து பார்த்தாள். 11.20-க்கு அவள் சொன்ன யோசனை அவர் பெயரில் உட்கார்ந்திருந்தது. ‘சொன்னது நான். திருத்தவும்’ என்று திருப்பி அனுப்பினாள். இருவரும் சேர்ந்து சொன்னதாகத் திருத்தி வந்தது. மறுபடி திருப்பினாள்.

மூன்றாம் முறை சரியாக இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.