"ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாத நர்ஸ்

பயந்துபோன ஒருவர் நம் முகத்தைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்கிறார். என்ன ஆகும் என்று நமக்கும் தெரியாது. அந்த நேரத்தில் "ஆகாது" என்று சொல்வது ஆறுதலா, பொய்யா? நர்சிங் படித்து, ஐந்து வருடம் வார்டில் வேலை பார்த்த எனக்கு இன்றுவரை இதற்குப் பதில் தெரியவில்லை.

போன வருடம், மயிலாப்பூரில் நடந்தது இது. மகள் பிறந்ததும் நான் வேலையை விட்டிருந்தேன். அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு, வெளிநாட்டில் நர்ஸாக வேலை பார்ப்பதற்கான உரிமத் தேர்வை எழுதினேன். ஃபெயில் ஆனேன். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர். பாயசத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த சேமியாவை மாமியார் அன்று மாலை உப்புமாவாகக் கிளறினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

எந்தப் பகுதியில் தேறவில்லை என்பதைத் தெரிவிப்பார்கள். மருந்து, ஊசி, அவசர சிகிச்சை எல்லாவற்றிலும் தப்பித்திருந்தேன். விழுந்தது, நோயாளியிடம் பேசுகிற பகுதியில். என்னால் நம்பவே முடியவில்லை. வார்டில் நன்றாகப் பேசுகிற சிஸ்டர் என்றுதான் எனக்குப் பெயர். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் கையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒண்ணும் ஆகாதும்மா, ஒண்ணும் ஆகாதுப்பா என்று முந்தின இரவும் சொல்வேன், மறுநாள் தியேட்டர் கதவு வரையும் சொல்லிக்கொண்டே போவேன்.

மறுபடி எழுதுவதற்காகத் தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் வகுப்பு. பாடம் எடுத்த மேடம் என்னுடைய பயிற்சி விடைகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான் என்றார். நாளைக்கு ஆபரேஷன், பயமாக இருக்கிறது என்று நோயாளி சொல்கிறார். நர்ஸ் என்ன சொல்ல வேண்டும் என்று கேள்வி வரும். கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்று, "கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்" என்று இருக்கும். நான் யோசிக்காமல் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அது எப்போதுமே தவறான விடையாம். என்ன பயம் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர் சொல்லும் வரை சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீ அவங்க பயத்தைத் தீர்க்கலைம்மா, மூடி போட்டு வைக்கிறே," என்றார் மேடம்.

வீட்டிலேயே பழக ஆரம்பித்தேன். ஆபீஸில் மேலதிகாரி கத்தினார் என்று கணவர் வந்து சொன்னபோது, வழக்கமாகச் சொல்கிற 'விடுங்க, சரியாயிடும்' என்பதை விழுங்கிவிட்டு, "அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு, சொல்லுங்க," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மாமியாரிடம் மட்டும் நன்றாகப் பலித்தது. முட்டி வலியைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டேன். குக்கர் அடங்கி, சாதம் ஆறி, மகள் பசியில் சிணுங்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மகள் தடுக்கி விழுந்தால் மட்டும் எனக்கு முன்னால் என் வாய் ஓடிவிடும். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. முட்டியில் ரத்தம் வழிந்துகொண்டிருக்கும்.

இனி எங்கள் ஆட்டோ அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருமுனை ஸ்டாண்டில் இருப்பவர், ஐம்பது வயது இருக்கும். என் மகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சாந்தோமில் உள்ள பள்ளியில் விட்டு அழைத்து வருவார். அதுதான் அவருக்கு நிரந்தர வருமானம். சனிக்கிழமைகளில் என்னைத் தி.நகரில் இறக்கிவிடுவார். நான் நர்ஸ் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நான் சிஸ்டர்.

எதில் ஃபெயில் ஆனேன் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா சிஸ்டர், பேசறதுல ஃபெயிலா? என் வூட்டுக்காரிய அனுப்பியிருந்தா ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸாகியிருப்பா," என்றார். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், இன்னிக்கு எவ்ளோ பேசக் கத்துக்கின என்று கேட்பார்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சிக்னலில் நின்ற நேரத்தில் அவருடைய வலது காலைத் தற்செயலாகப் பார்த்தேன். கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, கல் குத்திவிட்டது, வலியே இல்லை என்றார். வலி இல்லை என்றதுதான் எனக்குப் பகீரென்றது. அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை நினைத்தால் போடுவார். சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டால் ஆணி ஏறினாலும் தெரியாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். சரி சரி என்றவர், புதன்கிழமை நாற்றம் வந்த பிறகுதான் போயிருக்கிறார்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கட்டை விரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டன, உடனே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். காலையில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போடுபவர் அவர். அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். கொட்டிவாக்கத்தில் யாரோ பச்சிலைப் பத்துப் போட்டு ஆற்றுகிறாராம், அங்கே போகிறேன் என்று பிடிவாதமாம்.

"நீ வந்து ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. நர்ஸு நீ, நீ சொன்னா கேப்பாரு," என்றார்.

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதத்தில் கட்டு. என்னைப் பார்த்ததும், நீயே சொல்லு சிஸ்டர் என்பது போலக் கையை நீட்டினார்.

"வெரல எடுத்தா அத்தோட முடிஞ்சிதுல்ல? ஒண்ணியும் ஆவாதுல்ல?"

அவருக்குப் பின்னால் நின்ற மனைவி, சொல்லு சொல்லு என்று எனக்குத் தலையை ஆட்டினார். நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்துவிட்டது. ஐந்து வருடமாக எத்தனையோ பேருக்குச் சொன்ன வார்த்தைதானே. அன்று வெளியே வரவில்லை. வாரக்கணக்கில் பழகிய பழக்கமா, சர்க்கரைப் புண் இரண்டு விரலோடு நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்ற பயமா, எனக்கே தெரியவில்லை.

"விரலை எடுத்தா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்கண்ணா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "அப்ப காலு பூடும்ன்ற," என்றார்.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். நான் தவித்துப்போனேன். ஒண்ணும் ஆகாது என்று ஒரு நர்ஸ் சொல்லவில்லை என்றால், நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் என்பதை எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லித் தரவில்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது. என்ன பேசினாலும் தப்பாகும் என்ற பயத்தில், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் காபி குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

துண்டுக்குள்ளிருந்தே அண்ணன் சொன்னார்: "பிரேக்கு இந்தக் கால்லதான் கீது சிஸ்டர். வெரலு இல்லாம எப்டி அமுக்குவேன்? பின்னால புள்ளைங்க குந்திகினு கீதுங்க."

அவருடைய மனைவி இதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். மனைவியிடம்கூட இதை அண்ணன் சொல்லியிருக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பயம், ஊசிக்குப் பயம் என்றுதான் நினைத்து, எல்லோரும் ஆளாளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தெரியாது, டாக்டர் வந்ததும் நீங்களே கேளுங்கள் என்றேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அண்ணன் கேட்டார். டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. புண் ஆறி, நடக்கப் பழகிய பிறகுதான் ஓட்ட முடியுமா என்று சொல்ல முடியும். ஆறுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பாதம் போய்விட்டால் நிச்சயம் ஓட்ட முடியாது என்றார். அண்ணன், "அப்ப எடுத்துருங்க சார்," என்று கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார்.

மறுநாள் விரல்களை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. போனில் விசாரித்தபோது அவர் மனைவி எல்லாம் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன், "மொத நாளு ராவெல்லாம் கண்ண மூடல அவரு. என் கையப் புடிச்சிகினே கெடந்தாரு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூங்கியிருப்பாரும்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் என்னோடு இருக்கிறது. வார்டில் அந்த வார்த்தையை என் வாயால் கேட்டவர்கள் எல்லோரும் முந்தின இரவு தூங்கினார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி தேர்வு எழுதினேன். அதே மாதிரி கேள்விகள் வந்தன. விரல் தயங்காமல் சரியான விடைக்குப் போனது. பாஸ் ஆகிவிட்டேன். வெளிநாடு போவதற்கான வேலைகள் மெதுவாக நடக்கின்றன. கிளம்ப எப்படியும் ஒரு வருடம் ஆகும்.

அண்ணனுக்குப் புண் ஆற வெகுநாள் ஆனது. பாதத்துக்கு என்றே செய்த செருப்பு போட்டு நடக்கப் பழகினார். டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, இரண்டு மாதமாகச் சவாரி ஓட்டுகிறார். போன வாரம் நான் காய் வாங்கிக்கொண்டு வரும்போது பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

"ஜூன்ல ஸ்கூல் தொறக்கறாங்கோ. பாப்பாவ அனுப்புறியா சிஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "மத்தவங்க எல்லாம் சரிம்பாங்க, அப்பால வேன் வச்சிடுவாங்க. நீதான் நெஜம் சொல்லுவ. அதான் மொதல்ல உன்னாண்ட கேக்குறேன்."

அவருடைய காலைப் பார்த்தேன். எனக்கு விரல் பிரச்சினையாகத் தெரியவில்லை. அந்தப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. பிரேக்கை எவ்வளவு அமுக்குகிறோம் என்று அவருக்குச் சரியாகத் தெரியுமா என்பதுதான் என் பயம். ஆனால் கல் குத்தியும் வலிக்காத அதே காலோடுதான் போன வருடமும் என் மகளை அழைத்துப் போனார். ஒருநாள்கூட வண்டி குலுங்கி நின்றதில்லை. நான் இப்போது மாட்டேன் என்றால், நர்ஸே அனுப்பவில்லை என்று தெருவில் ஒருவரும் அனுப்ப மாட்டார்கள். சரி என்றால், தினமும் மணி பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேண்ணா," என்றேன். அவர் என்னையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, கேட்டுச் சொல்லு," என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் கேட்டேன். நர்ஸ் நீ, நீதான் சொல்ல வேண்டும் என்கிறார் கணவர். 'பாவம்தான் அவர், ஆனாலும் குழந்தை...' என்று ஆரம்பித்த மாமியார் பாதியில் நிறுத்திவிட்டார்.

அன்று அண்ணன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, உண்மையைப் பேச வேண்டியவர் அவராக மட்டும் இருந்தார். அது எவ்வளவு கஷ்டம் என்பது என் முறை வந்தபோதுதான் தெரிகிறது. 'உங்கள் இடத்தில் நான் இருந்தால்' என்று நர்ஸ் ஆரம்பிக்கும் விடையும் அந்தத் தேர்வில் தவறானதுதான். ஆனாலும் அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். தினமும் பிள்ளைகளை இன்னொருவர் வண்டியில் ஏற்றிவிட்டுக் கையசைக்கிற அம்மாக்களே, என் இடத்தில் நீங்கள் இருந்தால், ஜூன் மாதத்துக்குள் அவரிடம் என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள்.