கிடை மண்

எங்கள் வீட்டுக்கு வந்த உரச்சாக்கு எதுவும் உரம் தீர்ந்ததும் ஓய்வு பெற்றதில்லை. மழைக்காலத்தில் அது தந்தையாரின் தலையில் மழை மறைக்கும் கொங்காடையாகும். நைந்தபின் அக்காளுக்கும் எனக்கும் படுக்கை விரிப்பாகும். அதன் வாயைத் தைத்திருந்த நூலைக்கூடத் தாயார் கொடிக்கயிறாகத் திரித்துவிடுவார். இண்டூருக்கு மேற்கே, வானத்தை நம்பி நிலக்கடலை போடும் மேட்டுக்காடு ஒன்றே எங்கள் உடைமை. அங்கே சிக்கனத்தை யாரும் எவருக்கும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட தந்தையாருக்கே சிக்கனம் கற்பிக்க ஒருவர் வந்தார். மிதிவண்டியில் ஊர் ஊராகச் செல்லும் வேளாண்மை அலுவலர் அவர். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதக் காலையில், எங்கள் வரப்பில் நின்று அவர் சொன்னார்: "கண்ண மூடிக்கிட்டு ஒரம் வாங்காதீங்க. மண்ணப் பரிசோதனைக்கு அனுப்புங்க. எந்தச் சத்து கொறையுதோ அத மட்டும் வாங்குனாப் போதும், மிச்சம் உங்க கையில நிக்குமுங்க."

தந்தையார் அக்காளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பள்ளியிறுதி வகுப்புக்குப் போகவிருந்தாள். "ஒரத்துல மிச்சம் புடிச்சு, கடலையும் வெளஞ்சுதுன்னா, அடுத்த வருசம் நீ தருமபுரி ஆஸ்டல்ல தங்கி டீச்சருக்குப் படி" என்றார். அன்று முழுவதும் அக்காளின் நடையே மாறியிருந்தது.

மண்ணெடுக்கும் முறையை அலுவலரிடம் கேட்டுக்கொண்டவளும் அவளே. காட்டின் பல இடங்களில் சிறு குழிகள் பறித்து, எடுத்த மண்ணையெல்லாம் ஒரு சாக்கின்மீது கொட்டிக் கலந்து வைத்திருந்தாள். மாலையில் அதைக் கண்ட தந்தையார் திகைத்துப் போனார்.

"என்னாடி இது, சுக்கான் கல்லும் சரளையுமா? ஆபீசருங்க பாக்கற மண்ணு! பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கிழிஞ்ச சேலையிலயா காட்டுவோம்?"

"காடு பூராவும் எடுக்கணும்னு சொன்னாருப்பா."

"அவரு ஒரு மரியாதைக்குச் சொல்லுவாரு. நாமதான் பாத்து நடந்துக்கணும்."

அவள் சேர்த்த மண் முருங்கை மரத்தடியில் கொட்டப்பட்டது. கீழைமூலையில், அவ்வாண்டு கீதாரிகள் பல இரவுகள் தம் மந்தையை மடக்கி ஆட்டுக்கிடை போட்டிருந்த இடத்தில், தந்தையார் தம் கையாலேயே மண்ணெடுத்தார். ஆட்டுப் புழுக்கையும் நீரும் ஊறிக் கறுத்துக் கிடந்த மண் அது. தாயார் ஏசுவதையும் பொருட்படுத்தாமல் மாவுச் சல்லடையில் சலித்து, புதிய வெள்ளைத் துணியில் முடிந்து அனுப்பினார். விருந்தினருக்கு நல்லதைத் தருவதே முறை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

முடிவும் அவர் விரும்பியவாறே வந்தது. தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் குறைவில்லை, அவ்வாண்டு உரமே வேண்டா என்று அக்காள் படித்துச் சொன்னாள். தந்தையார் மறுமுறையும் படிக்கச் சொன்னார். மறுமுறை அவள் குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. அந்த வாரமே, சாக்கு நூலையும் வீணாக்காத அந்த மனிதர், பாப்பாரப்பட்டிச் சந்தையிலிருந்து நீலநிறத் தகரப் பெட்டி ஒன்றைத் தலையில் சுமந்து வந்தார். விடுதிக்குப் போகும் பெண்ணுக்குப் பெட்டி வேண்டுமல்லவா?

மழை அவ்வாண்டு பொய்க்கவில்லை. ஆயினும் கீழைமூலையைத் தவிரக் காடு முழுவதும் செடிகள் வெளிறி நின்றன. ஐப்பசியில் பிடுங்கியபோது கொத்துக் கொத்தாய்ப் பருப்பில்லாத பொக்குக் காய்கள். தாயார் ஒவ்வொன்றாய் உடைத்துப் பார்த்து, தோட்டை மட்டும் அடுப்புக்கென மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். மறு விதைப்புக்குக்கூடக் கடலை தேறவில்லை.

அலுவலர் வந்தார். செடியைப் பார்த்தார், குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். "எந்த எடத்துல மண்ணெடுத்தீங்க?" என்றார்.

தந்தையார் கீழைமூலையைக் காட்டினார். "இருக்கறதுலயே நல்ல மண்ணாத்தானுங்க சார் குடுத்தேன்."

"அது உங்க காட்டு மண்ணு இல்லீங்களே" என்றவர், வரப்பில் அமர்ந்துவிட்டார். "கிடை மண்ணுங்க அது."

தந்தையார் திரும்பி அந்த மூலையைப் பார்த்தார். அக்காள் எடுத்த மண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டுமென்று என் வாய் துடித்தது. "அப்பவே அக்கா..." என்று தொடங்கினேன். அக்காள் என் கையை நகம் பதியக் கிள்ளினாள். உண்மையைச் சொல்ல வந்ததற்கு ஏன் கிள்ளினாள் என்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

மறு சித்திரையில், தேர்வு எழுதி முடித்த அக்காளைப் பெண் பார்க்க நல்லம்பள்ளிப் பக்கமிருந்து வந்தார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய அரக்குப் பட்டில், அவளை அப்படி அழகாக நான் அதற்குமுன் கண்டதில்லை. உள்ளறையில் நீலப் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தவளிடம், "சேலை ரொம்ப நல்லாருக்குது, அக்கா" என்றேன்.

அவள் முந்தானையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"பின்ன? பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கிழிஞ்ச சேலையிலயா காட்டுவாங்க?" என்று சொல்லிச் சிரித்தாள்.

கதவருகே வெற்றிலைத் தட்டோடு வந்த தந்தையார், வந்த சுவடின்றித் திரும்பிப் போனார். அவள் சிரித்தாளே என்று நானும் உரக்கச் சிரித்தேன்.