கந்தரின் காலும் மடத்துப் பஞ்சாங்கமும்

முறைப்பாடு விசாரிக்கிற வேலை என்றால், நோயாளியைத் தவிர மற்ற எல்லோரும் விளக்கம் சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்கிற வேலை. ஆஸ்பத்திரி வாசலில் "நாளைக்கு வா" கேட்டுத் திரும்பிய உங்களுக்கு நான் சொல்லி விளங்கவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு விசாரணை ஐயாவுக்கு உதவியாளாய்ச் சேர்ந்தவன் நான். கொழும்புத்துறையில் ஒரு வயோதிபர் மடம். அங்கே இருக்கும் கந்தரின் கால்புண்ணுக்கு வைத்தியம் இல்லை என்று கொக்குவிலில் இருந்து அவருடைய தங்கச்சி முறையிட்டிருந்தா. ஒரு வெள்ளிக்கிழமை காலை போனோம்.

நல்ல நேரம்

மடத்து மனேச்சர் கோபிக்கவில்லை. வாங்குப் பலகையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். கந்தரைப் பலமுறை மாட்டுவண்டிலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். ஆனால் பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரத்தில்தான் வண்டில் வாசல் படலை தாண்டும். நல்ல நேரம் எப்பவும் பின்னேரத்தில் வாய்க்கும். டொக்டர் பன்னிரண்டு மணிக்கே எழும்பிப் போய்விடுவார். "அப்ப ஒருநாளும் டொக்டரைக் காணேல்லையோ?" என்று கேட்டேன்.

"காணேல்லைத்தான் தம்பி. ஆனால் போன ஆள் ஒவ்வொருமுறையும் சுகமாய்த் திரும்பி வந்தவர்."

மாட்டுக்கொட்டில்

கந்தரைத் தேடினால், ஆள் மாட்டுக்கொட்டிலுக்குள் பாயில் கிடக்கிறார். புண் மணக்குது என்று மற்றவர்கள் முணுமுணுக்க, அங்கே மாற்றிவிட்டார்களாம். காலில் சுற்றியிருந்த சீலையை விலக்கினேன். விரல்கள் கறுத்திருந்தன, புழு நெளிந்தது. மனிசரைப் போடுகிற இடமா இது என்று மனேச்சரைக் கேட்கத் திரும்பினேன். கந்தர் என் கையைப் பிடித்தார்.

"இஞ்சையே கிடக்கிறன், விடு. மாட்டுக்கு வருத்தமெண்டால் நாள் பாராமல் பரிகாரியைக் கூப்பிடுகினம். அவர் வரேக்கை என்ரை காலையும் காட்டலாம்."

எங்கள் ஐயா

ஐயாவுக்கும் கண் கலங்கியது. "உடனை கொண்டுபோகவேணும்" என்றார். நான் ஒழுங்கைக்கு ஓடி ஒரு வண்டில்காரனைக் கூட்டிவந்தேன். அதற்குள் ஐயா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். பத்தரை தாண்டியிருந்தது. "இராகுகாலம் தொடங்கீட்டுது. பன்ரண்டுக்கு வெளிக்கிடுவம்."

"ஐயா, உதைத்தானே நாங்கள் விசாரிக்க வந்தனாங்கள்" என்றேன்.

"விசாரிக்கிறது உத்தியோகம், தம்பி. இராகுகாலம் எல்லாருக்கும் பொது."

டொக்டர் இருந்தார்

நான் பொறுக்கவில்லை. வண்டில்காரனும் நானுமாய்க் கந்தரைத் தூக்கி ஏற்றினோம். மனேச்சர் படலையில் நின்று மறித்துப் பார்த்தார்; மாடு நிற்கவில்லை. டொக்டர் கதிரையை விட்டு எழும்ப முந்திப் போய்ச் சேர்ந்தோம். சீலையை அவிழ்த்தவர் என்மேல்தான் பாய்ந்தார். நேரத்தோடு வந்திருந்தால் விரலோடு போயிருக்குமாம். இனி முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டுமாம். இன்னும் பிந்தினால் ஆளே இல்லையாம். அன்றே எடுத்தார்கள். உயிர் தப்பியது.

மறுநாள் ஐயாவோடு மடத்துக்குப் போய், கால் போன கதையைச் சொன்னேன். மனேச்சர் என்னைப் பார்க்கவில்லை, ஐயாவைத்தான் பார்த்தார்.

"பாத்தியளோ ஐயா? நல்ல நேரத்திலை அனுப்பினபோதெல்லாம் மனுசன் ரண்டு காலோடை வந்தது."

ஐயாவும் தலையாட்டிவிட்டதால், கந்தரின் காலைப் பறித்த குற்றத்துக்கு அந்த விசாரணையில் பிடிபட்டவன் நான் ஒருவன்தான்.