முப்பது பேர் நின்ற பாலம்

அந்தப் பாலம் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. பெங்களூரிலிருந்து காரில் மூன்று மணி நேரம், காவிரி இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி அதலபாதாளத்தில் ஓடும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடமில்லை. நான் வேறு நாலு பேரை அனுப்பிவைக்க வேண்டாம்.

மகாராஜா காலத்து இரும்புப் பாலம். அக்கரையில் மின்சார வேலைக்குப் போன கூலியாட்கள் நடப்பதற்காகக் கட்டியது, இன்றைக்கும் நடக்க மட்டும்தான். ஓர் ஆளுக்குத் தாராளம், இரண்டு ஆளுக்குப் போதாது. அதனால் காவலாளி ஒருவர் விசிலும் கையுமாக நின்று ஒரு தடவைக்கு முப்பது பேரை விடுவார். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து முப்பது பேர் வருவார்கள். முன்னால் போகிறவரைத் தாண்டிப் போக வழி கிடையாது. அவர் நின்றால் நாமும் நிற்க வேண்டியதுதான்.

அதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டது அப்பா. கோலார் தங்கவயலில் முப்பத்தோரு வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். காவிரியில் எடுத்த மின்சாரம் பெங்களூருக்கு வருமுன்பே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்பது தங்கவயல்காரர்கள் சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டும் பெருமை. அந்தக் கரண்டில் ஓடிய கூண்டில்தான் அப்பா தினமும் கீழே போய் மேலே வந்தார். அது புறப்பட்ட ஆற்றை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கணும் என்றார். எட்டு மாதத்தில் அவர் வெளியே போகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எட்டு மாதமாக அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் அவருடைய நெஞ்சு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாதி உண்மை. சுரங்கம் மூடியபோது அவர் நெஞ்சோடு கொண்டுவந்த கல்தூசி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. இருபது அடி நடந்தால் நிற்க வேண்டும். இடுப்பில் கை வைத்து, தலை குனிந்து, மூச்சு தன்பாட்டுக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

மீதிப் பாதிக்குக் காரணம் நான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் அப்பா மூச்சு வாங்க நின்றபோது, பின்னால் வந்த ஒருவர் இந்த மாதிரி ஆளையெல்லாம் ஏன் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். நான் பெங்களூரில் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். லாரிக்காரர்களோடு மூன்று பாஷையில் மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவள். அன்றைக்கு அந்த மூன்று பாஷையையும் அந்த ஆள்மேல் கொட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், ரேஷன் கடையில் என்று அவருக்காக நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. எல்லாம் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், என்னால் எல்லாருக்கும் தாமதம், உனக்கும் ஊரோடு பகை, இனி நான் எங்கேயும் வரவில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே இருந்தார். கல்யாணம், கருமாதி, மாதா கோயில் எதற்கும் வரவில்லை. தொம்மலூரில் எங்கள் மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பதோடு சரி. மனுஷன் நெஞ்சு நோயில் சாகமாட்டார், இந்த வெட்கத்தில்தான் கரைந்துபோவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அதனால் பாலத்துக்குப் போகலாமா என்று அவர் கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அங்கே யாரோடும் சண்டை போடக்கூடாது. சரி என்றேன். என் கணவர் சிரித்தார். அவருக்குப் பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும், அதனால் காரிலேயே இருந்துகொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

பாலத்தின் முனையில் அப்பா மூன்று தடவை மற்றவர்களை முன்னே விட்டார். எல்லாரும் போகட்டும், கடைசியாகப் போகலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமையில் கடைசி ஏது? பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நாலாவது தடவை காவலாளி எங்களைப் பார்த்துக் கையை அசைத்து முதல் ஆளாகவே உள்ளே விட்டுவிட்டார். அப்பா முன்னால், நான் அவருக்குப் பின்னால், எனக்குப் பின்னால் இருபத்தெட்டுப் பேர்.

பலகைகளின் இடுக்கு வழியே கீழே ஆறு தெரிந்தது. எவ்வளவோ கீழே, வெள்ளையாக, சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. எனக்கு ஆற்றைப் பார்க்கவே தோன்றவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு அடிகளை எண்ணினேன். பதினெட்டாவது அடியில் நின்றார்.

எனக்குப் பின்னால் செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. யாரோ ஏதோ கேட்டார்கள். எனக்கு முகம் சூடேறிவிட்டது. கொடுத்த வாக்கெல்லாம் காற்றில் போயிற்று. வாயில் வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு விருட்டென்று திரும்பினேன்.

எனக்கு அடுத்து நின்றது என் வயதுப் பெண் ஒருத்தி. பருத்திப் புடவை, கையில் டிபன் கேரியர். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கன்னடத்தில், அஜ்ஜா எத்தனை அடிக்கு ஒருதரம் நிற்பார் என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை, எதற்கு என்றேன். பின்னால் சொல்லிவைக்கத்தான், தெரியாமல் ஒருத்தர்மேல் ஒருத்தர் இடித்துக்கொள்வார்கள் அல்லவா என்றாள். இருபது அடி என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அவள் பின்னால் திரும்பி, "அஜ்ஜா நின்த்ரு" என்றாள். தாத்தா நின்றுவிட்டார். அவளுக்கு அடுத்தவர் அதைத் தனக்கு அடுத்தவருக்குச் சொன்னார். கன்னடத்தில் போனது நடுவில் "தாத்தா நின்னுட்டாரு" என்று தமிழாகி, கடைசியில் யாரோ "தாதா ருக் கயே" என்று இந்தியில் முடிப்பது கேட்டது. அப்பா நிமிர்ந்து நடக்க ஆரம்பித்ததும் அவள், "அஜ்ஜா ஹொரட்ரு" என்றாள். தாத்தா புறப்பட்டார் என்ற செய்தியும் அதே மாதிரி வாய்க்கு வாய் போயிற்று. முப்பது பேரும் நகர்ந்தோம்.

இரண்டாவது தடவை நின்றபோது அப்பாவும் அதைக் கேட்டுவிட்டார். தலையைச் சாய்த்து, செய்தி கடைசி ஆள்வரை போய்ச் சேர்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். அவர் உதட்டில் சிரிப்பு வந்தது. சுரங்கத்துக்குள் வெடி வைக்குமுன் இப்படித்தான் ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்புவோம், கடைசி ஆள்வரை போனால்தான் திரி கொளுத்துவோம் என்றார். நான் அதைப் பின்னால் இருந்தவளுக்குக் கன்னடத்தில் சொன்னேன். அடுத்த முறை நின்றபோது அதுவும் வரிசையில் போயிருந்தது போல. பின்னாலிருந்து ஓர் இளைஞன், எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறீர்கள் தாத்தா என்று கத்திக் கேட்டான்.

அப்பா பலகை இடுக்கில் கீழே பார்த்தார். இதெல்லாம் ஓர் ஆழமா என்கிற பார்வை. நாங்கள் போன ஆழத்தில் இது கூண்டின் முதல் நிறுத்தத்துக்குக்கூடக் காணாது என்று சொல்லச் சொன்னார், பெருமை பீற்றுவதற்கு மூச்சு எங்கிருந்துதான் வந்ததோ. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"ஆனா இங்க அடி வரைக்கும் வெளிச்சம் போவுது பாரு" என்றார்.

அப்போதுதான் நானும் கீழே பார்த்தேன். கரும்பாறைகள் இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்க, வெயில் அடித்தளம்வரை விழுந்து தண்ணீர் பளபளத்தது. முப்பத்தோரு வருடம் இவர் இறங்கிய இடத்தில் இந்த வெயில் ஒரு நாளும் விழவில்லை.

பதினொரு தடவை நின்றோம். பதினொரு தடவையும் செய்தி கடைசி ஆள்வரை போயிற்று. யாரும் உச்சுக்கொட்டவில்லை. அக்கரையில் கால் வைத்ததும் அப்பா ஒதுங்கி ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு, இறங்கி வந்த ஒவ்வொருவருக்கும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி கைகூப்பினார். சிலர் திருப்பிக் கும்பிட்டார்கள், சிலர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். டிபன் கேரியர்காரி ஒரு சப்பாத்தியைச் சுருட்டி அவர் கையில் வைத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் தன் வீட்டாரோடு போய்விட்டாள். அவளுக்கு நான் நன்றி சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருடம் முஷ்டியை முறுக்கிக்கொண்டே ஜனங்களைப் பார்த்திருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த இருபத்தெட்டுப் பேருக்கும் நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

மூன்று மணிக்குத் திரும்பவேண்டும் என்று பார்த்தால் இக்கரைக்கு வரும் வரிசை நீண்டுகிடந்தது. பஸ்களில் வந்த கூட்டம் போய்விட்டால் ஐந்து மணிக்கு மேல் காலியாகிவிடும் என்று அங்கே கடலை விற்பவர் சொன்னார். அதுவரைக்கும் நிழலில் உட்காருங்கள், யாரும் இல்லாதபோது நிதானமாகப் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எதுக்கு யாரும் இல்லாதப்போ? கூட்டத்தோடயே போலாம்மா. நான் நின்னா, அவங்களும் நிப்பாங்க."

எனக்காகக் காத்திராமல் நடந்துபோய், வரிசையில் ஒருவர் நகர்ந்து இடம்விட, நட்டநடுவில் நின்றுகொண்டார்.