திருப்பிப் போட்ட தோலிலும் அதே கறை

ஆம்பூருக்கு நான் போனது பிரியாணிக்காக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருவீர்கள். சென்னையில் வீட்டிலேயே கைப்பை தைத்து விற்கிறேன். கம்பெனிகளில் மிஞ்சிப்போன தோல்களை மொத்தமாக எடுத்து, என்னைப் போன்ற சில்லறை ஆட்களுக்குக் கொடுக்கும் கிடங்குகள் ஆம்பூரில் இருக்கின்றன. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடுவதாகத் திட்டம். வீடு திரும்ப இரண்டு வாரம் ஆனது.

பயணத்துக்கு முன்னால் என் கண்ணைப் பற்றிக் கொஞ்சம். ஒன்பது வருடமாக எனக்கு வலியில்லாத ஒற்றைத் தலைவலி உண்டு. வலியே இல்லாமல் அதென்ன தலைவலி என்று என் கணவர் இன்றுவரை கேட்கிறார். படித்துக்கொண்டிருக்கும் வரியில் திடீரென்று ஓர் எழுத்து காணாமல் போகும். அந்த இடத்தில் ஒரு புள்ளி மினுங்கும். அது மெல்ல விரிந்து, உடைந்த கண்ணாடி வளையல் துண்டு மாதிரி பளபளத்துக்கொண்டே ஓரத்துக்கு நகர்ந்து, இருபது முப்பது நிமிடத்தில் போய்விடும். கண்ணை மூடினாலும் தெரியும். அது இருக்கும் நேரத்தில் எதிரே நிற்பவருக்குப் பாதி முகம்தான் இருக்கும். அந்தப் பாதி முகம் பேசும், சிரிக்கும், காபி குடிக்கும்.

முதல் முறை வந்தபோது செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "இது கண்ணுல நடக்கல, மூளையில நடக்குது. பயப்படாதீங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ண மூடிப் பாருங்க, அப்புறம் இன்னொரு கண்ண. ரெண்டுலயும் தெரிஞ்சா பழைய ஆளுதான். ஒரு கண்ணுல மட்டும் தெரிஞ்சா அன்னைக்கே ஓடி வாங்க" என்றார். ஒரு வருடம் ஒழுங்காக மூடிப் பார்த்தேன். பிறகு அதற்கு 'வளையல்' என்று பேர் வைத்து, வீட்டுப் பூனையைப் போலப் பழகிவிட்டேன். மூடிப் பார்ப்பதும் நின்றுபோனது.

சென்ட்ரலில் காலை வண்டி. இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு நூற்றுப் பத்து ரூபாய், சுமார் நூற்றெண்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போகும்போது இடது ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். குடியாத்தம் தாண்டியதும் அந்தப் பக்கம் பாலாறு கூடவே வரும். தண்ணீர் கிடையாது, மணலும் சீமைக் கருவேலமும்தான். எதிர் இருக்கையில் குடியாத்தத்தில் ஏறிய ஓர் அம்மா, லுங்கி மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணலுக்கு மேலே குருவிகள் பறந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, மிளகைக் கொட்டியது மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எவ்வளவு குருவி பாருங்க!" என்றேன்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா குருவி? ஒண்ணுங் காணோமே."

நான் அவர் பக்கம் திரும்பினேன். குருவிகளும் என்னோடு பெட்டிக்குள் வந்தன. அவர் முகத்துக்கு மேலே மெதுவாக மிதந்து கீழே இறங்கின. அவர் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முந்தின இரண்டு நாளாக இடது ஓரத்தில் யாரோ போட்டோ எடுப்பது மாதிரி ஒரு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். வளையல் வரப்போகிறது, இந்த முறை கொஞ்சம் சிங்காரித்துக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். அது வரவேயில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. தூக்கமில்லாமல் தைத்த களைப்பு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து கிடங்குக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். வழி கேட்கவே வேண்டாம், தோல் வாடை கூட்டிக்கொண்டு போய்விடும். கிடங்கை நடத்தும் ரஹீம் பாயிடம் நாலு வருடமாக வாங்குகிறேன். நல்ல மனிதர், ஆனால் தோலைக் குறை சொன்னால் முகம் சுண்டிவிடும். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே ஒரு சாய்வு மேஜை. வெயில் நேராக விழாத அந்த வெளிச்சத்தில்தான் தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். கொசுக்கடித் தழும்பு, முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி எல்லாம் அதில் தப்பாது. பாய் ஒரு பழுப்புத் தோலை விரித்தார். நான் வழக்கம்போல வலது கண்ணை மூடிக்கொண்டு, மேஜையோடு மேஜையாகக் குனிந்து பார்த்தேன்.

என் பக்கத்து ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கறுப்புக் கறை.

"பாய், இங்க கறை இருக்கே."

"எங்க மேடம்?" கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லயே."

"இதோ, இங்க."

பாய் பெருமூச்சு விட்டார். தோல் வியாபாரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் தோலை அப்படியே அரைவட்டம் சுற்றித் திருப்பிப் போடுவார்கள். தோலில் உள்ள பழுது தோலோடு போகும், நிழலாக இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். சர்ரென்று திருப்பினார். கறை அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் பக்கத்திலேயே, அதே இடத்தில், அதே பிறையாக இருந்தது.

"இப்பவும் இருக்கு பாய்."

"மேடம், வெல ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா கம்மி பண்ணச் சொல்லுங்க. தோலக் கொற சொல்லாதீங்க, எனக்குப் பேஜாரா இருக்கு." கோபத்தோடு அதை உருவி எறிந்துவிட்டு வெள்ளைத் தோல் ஒன்றை விரித்தார். அதிலும் அதே கறை. சிவப்பில், நீலத்தில், பிறகு தோலே இல்லாத வெறும் மேஜையில். வலது கண்ணைத் திறக்காமலே நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பாய்க்கு மோவாய் இல்லை. தாடி இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. அதற்கு மேலே கண் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எட்டு வருடம் கழித்து அப்போதுதான் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். இடது கண்ணை மூடினால் எல்லாம் சுத்தம், பாயின் தாடி முழுசாக வந்துவிட்டது. வலது கண்ணை மூடினால் இருட்டு. இரண்டையும் திறந்து வைத்தால் பெரிதாகத் தெரியவில்லை, நல்ல கண் கெட்ட கண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது. வந்தும் என்ன செய்தேன் தெரியுமா? "அரை மணியில போயிடும் பாய், எனக்கு வழக்கம்தான்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தேன். வலி இல்லை. வலி இருந்திருந்தால் அலறியிருப்பேன்.

பாய் டீ வரவழைத்தார். கோபம் போய் முகத்தில் கலவரம் வந்திருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். குறுக்குக் கம்பிகள் ஏழு. உட்கார்ந்தபோது இருட்டு அடிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. டீ ஆறியபோது இரண்டாவது கம்பி இல்லை. அரை மணி நேரம் ஆனபோது மூன்றாவதும் போனது. சத்தமில்லை, பளபளப்பில்லை, ஓட்டைப் படகில் தண்ணீர் ஏறுவது மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது. வளையல் ஒருநாளும் இப்படி வந்ததில்லை. இது வேறு யாரோ.

"பாய், எனக்குப் பயமா இருக்கு. வேலூர் போகணும்" என்றேன்.

"மோகன வரச் சொல்றேன். ஒரு மணி நேரத்துல கொண்டுபோய் வுட்டுடுவான்." தோலைப் பற்றி அவர் பேசவேயில்லை.

ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், கார் வாடகை ஆயிரத்து ஐந்நூறு. மாதனூர், பள்ளிகொண்டா வழியாக நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். டிரைவர் மோகனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"தலவலி இருக்கா மேடம்?"

"இல்ல."

"கண்ணு வலிக்குதா?"

"இல்லப்பா."

"அப்ப இன்னா பயம்? வலியே இல்லன்னா சின்ன மேட்டராத்தான் இருக்கும். வுடுங்க."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஒன்பது வருடமாக நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதால் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிகொண்டாவுக்கு அருகில் இடது கண்ணில் ரோடு மூழ்கிப்போனது. லாரிகள் சக்கரமில்லாமல் மிதந்து வந்தன. ரோட்டோரம் நடந்தவர்கள் இடுப்புக்கு மேலே மட்டும் நகர்ந்தார்கள். உச்சி வெயில், ஒருவர் காலும் தரையில் இல்லை.

வேலூரில் கண் மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் அம்மா, சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "விழித்திரை மேல்பக்கம் கிழிஞ்சு உரிஞ்சுக்கிட்டு வருது, அதான் கீழேர்ந்து இருட்டாத் தெரியுது. நடுப் பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. ஊருக்குப் போய்ட்டு திங்கக்கெழம பாத்துக்கலாம்னு இருந்திருந்தா அதுவும் போயிருக்கும்" என்றார். மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தார்கள். ராத்திரியே வந்து சேர்ந்த என் கணவர், வலியில்லாமல் அதென்ன ஆபரேஷன் என்று கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் பின்தெருவில் நாளுக்கு எழுநூறு ரூபாய் லாட்ஜில், தலையைச் சொன்னபடி சாய்த்து வைத்துக்கொண்டே நாட்கள் போயின.

இனி, போகப்போகிறவர்களுக்கு. கிடங்குகளுக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், மதியத்துக்கு மேல் பாதி மூடியிருக்கும். கண்ணில் வாயுக் குமிழி இருக்கும்வரை விமானம் கூடாது, ஏலகிரி மாதிரி மலையும் கூடாது, குமிழி உப்பிக் கண்ணைக் கெடுத்துவிடும். என் மார்ச் மாத ஏலகிரி டிக்கெட் அப்படித்தான் போனது. என்னைப் போல வளையல் வருகிறவர்களே, நான் டாக்டர் இல்லை, ஆனால் இதைக் கேளுங்கள். முதல் முறை வந்தால் காட்டிவிடுங்கள், நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் என்றால் கண்டிப்பாக. ஒவ்வொரு முறையும் கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தாலோ, திரை விழுந்தாலோ, புதிதாக மிளகு கொட்டினாலோ, ஓரத்தில் வெளிச்சம் அடித்தாலோ, ஒரு மணி நேரமாகியும் போகவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள். வாய் குழறினாலும், கை கால் மரத்தாலும் ஆம்புலன்ஸ்தான். வலிக்கவில்லை என்பது ஒரு பதிலே இல்லை.

ஜூனில் மறுபடி ஆம்பூர் போனேன். ரஹீம் பாய் அதே பழுப்புத் தோலை விரித்தார், கேட்காமலே ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டார். "இருக்கா மேடம்?" "இல்ல பாய்." இடது கண்ணில் மேஜை விளிம்பு இப்போதும் சற்று வளைந்துதான் தெரிகிறது, அதை அவரிடம் சொல்லவில்லை. தோலை வாங்கிக்கொண்டு மாலை வண்டி ஏறினேன்.

பச்சகுப்பம் தாண்டியபோது கையிலிருந்த டிக்கெட்டில் ஓர் எண் காணாமல் போனது. அங்கே ஒரு புள்ளி மினுங்கியது. வலது கண்ணை மூடினேன், இருந்தது. இடது கண்ணை மூடினேன், இருந்தது. நம்பிக்கையில்லாமல் மறுபடி இதை, மறுபடி அதை. இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே பளபளப்பில், என் பழைய வளையல். சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பாதி முகம் என்னைச் சிறிது நேரம் பார்த்தது. பிறகு மெதுவாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.